விமான டிக்கெட் கேன்சல் செய்தால் பணம் வருமா? ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டிய 5 கேள்விகள்!

விசா இன்னும் கைக்கு வரவில்லை. மெடிக்கல் ரிசல்ட்டும் வரவில்லை. ஆனால், ‘இப்பவே டிக்கெட் போட்டா ரேட் கம்மி’ என்கிறார் டிராவல் ஏஜென்ட். கையில் இருப்பதோ நகையை அடகு வைத்துப் புரட்டிய பணம். பயணம் தள்ளிப்போனால் அது திரும்பக் கிடைக்குமா? மாத்தூர், மணலி, எண்ணூர் பக்கம் வளைகுடா வேலைக்கோ, கப்பல் வேலைக்கோ பிள்ளையை அனுப்பும் வீட்டுக்கு இது பெரிய கவலை. பணம் கொடுக்கும் முன் இந்த 5 கேள்விகளைக் கேளுங்கள்.

1. ரீஃபண்டபிளா, ஃப்ளெக்ஸியா?

இரண்டும் ஒன்றல்ல. ரீஃபண்டபிள் என்றால், ரத்து செய்தால் பிடித்தம் போகப் பணம் திரும்பும். ஃப்ளெக்ஸி என்பது பெரும்பாலும் தேதியை மாற்றிக்கொள்ளும் வசதிதான். புதிய தேதியில் டிக்கெட் விலை கூடியிருந்தால், அந்த வித்தியாசத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

2. பிடித்தம் எவ்வளவு?

விமான நிறுவனம் பிடிப்பது தனி, ஏஜென்ட்டின் சர்வீஸ் சார்ஜ் தனி. இரண்டையும் கேளுங்கள். ரத்துக் கட்டணம், அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது என்கிறது டி.ஜி.சி.ஏ விதி. ‘நான் ரீஃபண்டபிள்’ சலுகை டிக்கெட்டிலும் அரசு வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் திரும்ப வர வேண்டும்.

3. எத்தனை மணி நேரத்துக்கு முன் ரத்து செய்ய வேண்டும்?

சொல்லாமல் விமானத்தைத் தவறவிட்டால் அது ‘நோ ஷோ’. ரீஃபண்டபிள் டிக்கெட்டிலும் பிடித்தம் எகிறலாம்.

4. எந்த நாட்டு விமானம்?

வெளிநாட்டு நிறுவனம் என்றால், ரீஃபண்ட் தொகை அந்த நாட்டு விதிப்படி அமையும்.

5. பணம் யார் கணக்குக்கு வரும்?

ஏஜென்ட் தன் கணக்கிலிருந்து டிக்கெட் போட்டிருந்தால், ரீஃபண்டும் அவருக்கே போகும். ஆனாலும், ஏஜென்ட் விமான நிறுவனத்தின் பிரதிநிதி என்பதால், பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு நிறுவனத்துடையது என்கிறது டி.ஜி.சி.ஏ. கொரோனா ஊரடங்கு டிக்கெட்டுகள் தொடர்பான வழக்கில், ஏஜென்ட் தனக்கு வந்த ரீஃபண்டைப் பயணியிடம் உடனே ஒப்படைக்க வேண்டும் என்று 2020 அக்டோபர் 1-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பணத்துக்குப் பதில் ‘கிரெடிட் ஷெல்’லாக வைத்துக்கொள்வதும் பயணியின் விருப்பம்தான், கட்டாயம் இல்லை.

வாய்வார்த்தையை மட்டும் நம்பாதீர்கள். ரத்து விதிகளை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். பி.என்.ஆர் எண், பணம் கட்டிய ரசீது இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். பணம் இழுத்தடிக்கப்பட்டால், மத்திய அரசின் ஏர்சேவா தளத்திலோ, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ புகார் செய்யலாம்.