புறநகர்ப் பந்தி – 9: சேலமும் மும்பாசாவும் ஒரே மேசையில்

பிரிட்டனில் 'இந்தியன் ரெஸ்டாரன்ட்' என்று பலகை மாட்டிய கடைகளில் பெரும்பாலானவை வங்கதேசத்துச் சில்ஹெட்காரர்களுடையவை. ஒரே அண்டா வெங்காயக் குழம்பிலிருந்துதான் அங்கே கோர்மாவும் மெட்ராஸும் விண்டாலுவும் பிரிகின்றன. சென்ற வாரம் இவ்வளவு தூரம் வந்திருந்தோம். விட்டுப் போனவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த வாரம் லண்டனின் வெம்பிளி. ஆல்பர்ட்டன் பக்கத்து யாழ்ப்பாணக் கடைகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் ஈலிங் ரோட்டில் ஒரு கிழங்கு வழிமறித்துவிட்டது. ஒரு வாரமாக அதைத் தவிர வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

வெம்பிளி சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கமிருந்து பிக்கடில்லி லைனின் ஆல்பர்ட்டன் ஸ்டேஷன் வரைக்கும் இறங்குகிற தெரு ஈலிங் ரோடு. நடக்கிற தூரம்தான். இரண்டு பக்கமும் சேலைக் கடை, நகைக் கடை, பாத்திரக் கடை, நடைபாதை வரைக்கும் வழியும் காய்கறிக் கடை. பீர்க்கங்காய், முருங்கைக்காய், பாகற்காய், பருவம் வந்தால் அட்டைப் பெட்டியில் கேசர் மாம்பழம். இவற்றுக்கு நடுவில், மெழுகு பூசிய விறகுக்கட்டை போல அடுக்கிக் கிடக்கும் மரவள்ளிக்கிழங்கு. லண்டனில் ஆப்பிரிக்கர்களும் கரீபியர்களும் வாழும் பகுதிகளில் இது சாதாரணம். குஜராத்திக் கடைத்தெருவில் இவ்வளவு கிழங்கு எதற்கு? நல்ல சாப்பாட்டுக் கடையைத் தேடி வருகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது என்பது என் கட்சி. ஒரு புறநகரில் எந்தக் கடையில் உட்காரலாம் என்று தெரிய வேண்டுமானால், அந்தத் தெருவுக்கு யார் எந்த வழியாக வந்து சேர்ந்தார்கள் என்று விசாரியுங்கள். நட்சத்திர மதிப்பீடு இதைச் சொல்லாது.

வெம்பிளிக்காரர்கள் இந்தக் கிழங்கை மோகோ என்கிறார்கள். எந்த குஜராத்திக் கடைக்குள் நுழைந்தாலும் மெனுவில் இருக்கும்: மோகோ சிப்ஸ், சில்லி மோகோ, பூண்டு மோகோ. குஜராத்திலிருந்து நேராக வந்தவர்களுக்கு இந்தப் பலகாரம் புதிது. கென்யாவிலும் உகாண்டாவிலும் இரண்டு மூன்று தலைமுறை இருந்துவிட்டு வந்த குடும்பங்களுக்கோ இது பிள்ளைப் பருவத்துச் சாப்பாடு. மும்பாசா கடற்கரையில் இன்றும் மரவள்ளியைச் சுட்டும் பொரித்தும், கீறி மிளகாய்த்தூளும் உப்பும் எலுமிச்சையும் தடவித் தருகிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதை வாங்கித் தின்ற பிள்ளைகள்தான் இன்று வெம்பிளியின் தாத்தா பாட்டிகள்.

சமைக்கும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். வெளியே பழுப்புத் தோல், அதன் அடியில் இளஞ்சிவப்பாகத் தடித்த இன்னொரு தோல்; இரண்டையும் உரிக்க வேண்டும். நீளவாக்கில் பிளந்தால் நடுவே ஓடும் நரம்பு தெரியும், அதையும் உருவிப் போட வேண்டும். திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் வைத்து, உப்புப் போட்டு, துண்டுகளின் ஓரம் வெடிக்கத் தொடங்கும் வரை வேகவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிடுகிறார்கள். பச்சைக் கிழங்கில் சயனைடை வெளிவிடும் பொருள் இருக்கிறது; உரித்து, வேகவைத்து, வடிப்பதற்கு ருசியைத் தாண்டிய காரணம் அதுதான். நன்றாக ஆறி, மேலே ஈரம் போன பிறகு காய்ந்த எண்ணெயில் விழுகிறது. வெடித்த ஓரங்கள் மொறுமொறுவென்று சிவக்க, உள்ளே மாவாக இருக்க வேண்டும். இறக்கிய சூட்டில் மிளகாய், உப்பு, எலுமிச்சை. தொட்டுக்கொள்ளப் புளிச் சட்னி.

சிவப்பு சாஸில் புரட்டி, குடைமிளகாய் சேர்த்து, சைனீஸ் பாணியில் தருவதும் உண்டு. சிறுவர்களுக்குப் பிடிக்கும். எனக்கு உலர்ந்த மோகோதான். அதில் எதையும் ஒளிக்க முடியாது. எண்ணெய் பழசா, கிழங்கு நாராக இருக்கிறதா, வெந்ததை ஆறவிட்டார்களா அவசரப்பட்டார்களா, முதல் துண்டிலேயே தெரிந்துவிடும். அந்த ஒரு தட்டு சரியாக வந்த கடையில் மற்றதை எல்லாம் நம்பி வாங்குவேன்.

இந்தக் குடும்பங்கள் ஆப்பிரிக்கா போன கதை பெரியது. பருவக்காற்றைப் பிடித்துப் பாய்மரக் கப்பலில் சான்சிபார் போன கட்ச் வியாபாரிகள் ஒரு பக்கம். 1896 முதல் 1901 வரை மும்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிக்கரை வரை பிரிட்டிஷார் போட்ட ரயில் பாதை இன்னொரு பக்கம். அதற்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர் சுமார் 32,000 பேர், பெரும்பாலும் பஞ்சாபிகள். ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே இறந்தார்கள். மிஞ்சியவர்களில் மிகப் பலர் ஊர் திரும்பினார்கள். பாதை போன வழியெல்லாம் மளிகைக் கடை போட்டவர்களில் குஜராத்திகள் ஏராளம். கட்சிலிருந்து சிறுவனாகக் கப்பலேறிய அலிதினா விஸ்ராம், 1916இல் இறக்கும்போது அந்தப் பாதை நெடுகக் கடைகள் வைத்திருந்தார்.

பிறகு அந்த நாடுகளுக்கு விடுதலை வந்தது, கூடவே நெருக்கடியும். கென்யாவில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்த இந்தியர்கள் 1967 வாக்கில் லண்டனுக்கு விமானம் ஏறத் தொடங்க, அதைத் தடுக்க 1968இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் மூன்றே நாளில் ஒரு சட்டம் நிறைவேற்றியது. சொந்தக் குடிமக்களுக்கு எதிராக ஓர் அரசு இவ்வளவு அவசரப்பட்டதைப் படிக்கும்போது இன்றும் கோபம் வருகிறது. 1972 ஆகஸ்டில் உகாண்டாவின் இடி அமீன், இந்தியர்கள் நாட்டை விட்டு வெளியேற 90 நாள் கெடு விதித்தார். சுமார் 28,000 பேர் பிரிட்டன் வந்தார்கள். கடை, வீடு, வங்கிக் கணக்கு எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன. நாக்கு மட்டும் கூட வந்தது.

இந்த வாரம் என்னைத் தூக்கிவாரிப் போட்ட விஷயத்துக்கு இப்போது வருகிறேன்.

குஜராத்தி வீடுகளில் ஏகாதசி அன்றும், ஆடி–ஆவணியை ஒட்டி வரும் சிராவண மாதத்திலும் விரதம் உண்டு. அரிசியும் கோதுமையும் பருப்பும் விலக்கு. வெம்பிளிக் கடைகள் அதற்கென்றே 'ஃபராளி' பட்டியல் வைத்திருக்கின்றன. அதில் தலையாயது சாபுதானா கிச்சடி: ஊறவைத்த ஜவ்வரிசி, வறுத்துப் பொடித்த நிலக்கடலை, உருளைக்கிழங்கு, பச்சை மிளகாய், சீரகம், எலுமிச்சை. ஒட்டாமல் மணி மணியாக நிற்க வேண்டும்.

அந்த ஜவ்வரிசி எது? மரவள்ளி மாவு. இந்தியாவின் ஜவ்வரிசியில் மிகப் பெரும் பங்கு எங்கிருந்து போகிறது? சேலம், நாமக்கல் வட்டாரத்து ஆலைகளிலிருந்து. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றுபோன 1940களில் சேலத்தில் இந்தத் தொழில் வேரூன்றியது. 1981இல் ஆலைக்காரர்கள் சேர்ந்து 'சேகோசர்வ்' என்ற கூட்டுறவுச் சங்கத்தையே அமைத்துக்கொண்டார்கள். அங்கே குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளியைத் தோலுரித்து அரைத்து, பால் எடுத்துத் தொட்டியில் தங்கவிட்டு, படிந்த ஈரமாவை உதிர்த்துக் குலுக்கி மணியாக்கி, சூடான தட்டில் வறுத்து, களத்தில் காயவைக்கிறார்கள். அந்தப் பக்கம் போனவர்களுக்கு அந்தப் புளித்த வாசனை மறக்காது.

தென் அமெரிக்காவின் கிழங்கு இது. போர்ச்சுக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். காலப்போக்கில் கிழக்குக் கரைக்கும் வந்து மும்பாசாவின் தெருத் தீனி ஆனது. நம் பக்கத்தில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் 1880களில் இதைப் பயிரிடச் சொல்லி ஊக்குவித்தார். இப்படி இரண்டு கடல்வழியாகப் பிரிந்துபோன ஒரே கிழங்கு, ஏகாதசி அன்று வெம்பிளியில் ஒரு பாட்டியின் மேசையில் சேர்கிறது. இடது பக்கம் பொரித்த மோகோ, அது மும்பாசாவில் பழகியது. வலது பக்கம் கிச்சடி, அது குஜராத்தில் பழகியது, மணி உருட்டியது பெரும்பாலும் நம் சேலம். விரதத்துக்கு இரண்டும் ஆகும். பக்கத்து மேசையில் ஜைனக் குடும்பம் இருந்தால் அங்கே கிழங்கே வராது. மண்ணுக்கடியில் விளைவதை அவர்கள் தொடுவதில்லை. உருளைக்குப் பதில் வாழைக்காய் போட்டுச் சமைத்துத் தருகிறார்கள். வெங்காயமும் பூண்டும் இல்லாமல் அந்தக் கறியை ருசியாகச் செய்கிற சமையற்காரர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

இதே தெருவின் ஆல்பர்ட்டன் பக்கம் மாரூஸ் பஜியா ஹவுஸ் இருக்கிறது. 1970களிலிருந்து நடக்கும் கடை. நைரோபியில் பேர் வாங்கிய பஜியா இங்கே குடிவந்தது. நம் ஊர் பஜ்ஜியை நினைத்துக்கொண்டு போகக் கூடாது. கரைத்த மாவில் தோய்ப்பது இல்லை. உருளைக்கிழங்கை மெல்லிய வட்டமாகச் சீவி, கடலை மாவும் கொத்தமல்லித் தழையும் மசாலாவும் அதன்மேல் பிசிறுகிறார்கள்; கிழங்கின் ஈரத்தோடு பிடித்துக்கொள்கிற அளவுக்குத்தான் மாவு. பொரிந்து வந்தால் ஒவ்வொரு வட்டத்தின் மேலும் தழை பச்சையாகத் தெரியும். சட்னியோடு சுடச்சுடச் சாப்பிட வேண்டும். வீட்டுக்குப் பொட்டலம் கட்டிப் போனால் பாதி ருசி வழியிலேயே போய்விடும்.

இந்தக் கடைகள் இவ்வளவு சீக்கிரம் வேர்விட்டதற்குப் பெண்கள் வேலைக்குப் போனதும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆப்பிரிக்காவில் வீட்டோடு இருந்தவர்கள் பலர் இங்கே வந்து தொழிற்சாலை ஷிஃப்டுகளில் நின்றார்கள். பக்கத்து வில்ஸ்டனில் கிரன்விக் என்ற ஃபோட்டோ கழுவும் நிறுவனத்தில், 1976 ஆகஸ்டில் வேலையை உதறிவிட்டு வெளியே வந்தவர் ஜெயாபென் தேசாய். குஜராத்தில் பிறந்து தான்சானியாவில் வாழ்ந்துவிட்டு வந்தவர். அவரோடு சேர்ந்து, சேலை கட்டிக்கொண்டு பனியிலும் மழையிலும் வாசலில் நின்ற பெண்களின் போராட்டம் 1978 வரை நீடித்தது. தோற்றது; ஆனாலும் பிரிட்டிஷ் தொழிற்சங்க வரலாற்றில் அதற்குப் பெரிய இடம். பகலெல்லாம் உழைத்துவிட்டு வருகிறவர், தேப்லா, டோக்ளா போன்ற பலகாரங்களைக் கடையில் வாங்கத்தானே செய்வார்?

வெம்பிளியைப் பற்றி இன்னொன்றும் உண்டு. 1924இல் பிரிட்டிஷ் பேரரசுக் கண்காட்சி இங்கேதான் நடந்தது. அங்கே இந்தியச் சாப்பாட்டில் ஈடுபட்டிருந்த எட்வர்ட் பால்மர், 1926இல் ரீஜன்ட் ஸ்ட்ரீட்டில் புகழ்பெற்ற 'வீராசாமி' உணவகத்தைத் திறந்தார். கண்காட்சிக்கு வந்தவர்களுக்காக ஆக்கிய அந்தச் சமையலுக்கும், தெருவில் குடியிருப்பவர்களுக்காக ஆக்குகிற இன்றைய சமையலுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அந்த வித்தியாசத்தைத்தான் இந்தத் தொடரில் வாரா வாரம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வெம்பிளி போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஞாயிறு மத்தியானம் போங்கள். மூன்று தலைமுறை சேர்ந்து உட்கார்ந்திருக்கும் கடையில் நுழையுங்கள். 'கடி' என்கிற குஜராத்தி மோர்க்குழம்பு போதுமான இனிப்பில்லை என்று பாட்டி சர்வரிடம் வாதாடிக்கொண்டிருந்தால் இன்னும் விசேஷம். மெனுவில் பீட்சாவும் நூடுல்ஸும் இருப்பதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம், அது பேரப்பிள்ளைகளுக்கு. தோசை மட்டும் கேட்காதீர்கள். சாம்பார் தித்திக்கும், அவர்கள் நாக்குக்கு அது சரி, நமக்கு ஆகாது. மோகோ, மாரு பஜியா, தேங்காய்ப் பாலில் வெந்த மக்காச்சோளம் கிடைத்தால் அது: ஆப்பிரிக்கா வழி வந்தவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

யாழ்ப்பாணக் கடைகளுக்கு இடமில்லாமல் போயிற்று. ஒரு காய்கறிக் கடைக்காரர் சொன்னதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கிழங்கை நான் புரட்டிப் பார்ப்பதைக் கவனித்து, அதன் நுனியைப் பட்டென்று ஒடித்துக் காட்டினார். உள்ளே பால் வெள்ளை.

"இப்பிடி வெள்ளையா இருக்கோணும், அண்ணை. கறுத்தக் கோடு ஓடியிருந்தா எடுக்காதேங்கோ."

நான் இரண்டு கிழங்கைக் கூடையில் போட்டதும் என் கையிலிருந்த இஞ்சியைப் பார்த்தார்.

"மரவள்ளி சாப்பிடுற அண்டைக்கு இஞ்சி தொடக் கூடாது. அம்மா உயிரை விட்டிடுவா."

இலங்கையில் தமிழரிடமும் சிங்களவரிடமும் உள்ள பழைய நம்பிக்கை இது. அடுத்த வாரம் அங்கிருந்துதான் தொடங்குவேன், ஆல்பர்ட்டன் ஈழபதீஸ்வரர் ஆலயத்தைச் சுற்றியுள்ள கடைகளோடு. அதற்குள் ஒரு வேண்டுகோள்: மரவள்ளியோடு இஞ்சி சேரக் கூடாது என்ற வழக்கம் தமிழ்நாட்டில் எந்த ஊரிலாவது உண்டா? குமரி, சேலம், தர்மபுரிப் பக்கத்து வாசகர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஊர்ப் பெயரோடு எழுதுங்கள்.