களமசேரி வளாகத்தின் அறிவிப்புப் பலகை

மிளகு, சுக்கு, ஏலக்காய் வணிகத்தால் பல நூற்றாண்டுகளாகப் பெயர் பெற்ற மட்டாஞ்சேரியும், அங்கிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் களமசேரியில் அமைந்த கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஒரே நகர்ப்பகுதியைச் சேர்ந்தவை என்றாலும், சந்தைத் தெருக்களில் வாழும் குடும்பங்களில் பல அந்தப் பல்கலைக்கழகத்தைப் பிள்ளைகளைப் படிக்க அனுப்பும் இடமாக மட்டுமே அறிந்துள்ளன. சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் நிறுவப்பட்டு, மக்களின் வரிப்பணத்தைப் பெருமளவு நம்பி நடக்கும் ஒரு நிறுவனத்தில், மாணவராகச் சேராதவர்களும் கேட்கத்தக்க சொற்பொழிவுகள், பார்க்கத்தக்க நிகழ்ச்சிகள், விண்ணப்பிக்கத்தக்க வேலைகள் ஆகியவை ஆண்டு முழுவதும் அறிவிக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. அந்த அறிவிப்புகளின் பொருள் விளங்காமையால் வாய்ப்பை இழப்பவர்கள் மட்டாஞ்சேரியில் மட்டுமல்லாமல், பல்கலைக்கழகம் உள்ள ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள்.

ஊரார் வழக்கில் 'குசாட்' என்று சுருங்கிவிட்ட இப்பல்கலைக்கழகம் 1971ஆம் ஆண்டு கொச்சிப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. கேரளத்தின் முதல் அமைச்சரவையில் கல்வி அமைச்சராக இருந்த இலக்கியத் திறனாய்வாளர் ஜோசப் முண்டசேரி அதன் முதல் துணைவேந்தர். அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் முதன்மையாகக் கொண்டதாக அது மாற்றியமைக்கப்பட்டு இப்போதைய பெயரைப் பெற்றது 1986இல். களமசேரித் தலைமை வளாகத்தைத் தவிர, குட்டநாட்டின் புளிங்குன்னில் ஒரு பொறியியல் கல்லூரியும், எர்ணாகுளம் நகரில் காயலோரமாகக் கடல் அறிவியல் வளாகமும் அதற்கு உண்டு. மட்டாஞ்சேரிக்கு மிக அருகில் இருப்பது இந்தக் காயலோர வளாகமே. வயதில் அது பல்கலைக்கழகத்துக்கே மூத்தது என்றும் சொல்லலாம். திருவனந்தபுரத்தில் இயங்கிய கேரளப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் துறை 1950களின் இறுதியில் எர்ணாகுளத்துக்கு மாற்றப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் பல நாட்டுக் கப்பல்கள் சேர்ந்து நடத்திய பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தின்போது, கண்ணுக்கு எளிதில் புலப்படாத மிதவை உயிரினங்களின் மாதிரிகளைப் பிரித்து வகைப்படுத்தும் மையமும் கொச்சியிலேயே அமைந்தது. துறைமுக நகரம் கடலறிவின் நகரமாகவும் ஆனது இப்படித்தான்.

வளாகத்தின் அன்றாட நிகழ்ச்சிகளுக்கெனத் தனிச் சொற்கள் உண்டு. ஒரு துறையின் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் கூடி, ஒருவர் தம் ஆய்வை விளக்க மற்றவர்கள் கேள்வி கேட்பது துறைக் கருத்தரங்கு. கருவியையோ கணினி நிரலையோ கையாளக் கற்றுத்தரும் ஓரிரு நாள் பயிற்சி பயிலரங்கு. ஒருவரின் நினைவாக வைப்புநிதி ஒன்றை வங்கியில் செலுத்தி, அதன் வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் ஓர் அறிஞரை அழைத்துப் பேசச்செய்வது அறக்கட்டளைச் சொற்பொழிவு. முதலாவதற்குத் துறையை அறிந்தவர்களே பெரும்பாலும் வருவார்கள், இரண்டாவதற்கு முன்பதிவும் சில வேளைகளில் கட்டணமும் வேண்டும், மூன்றாவது பெரும்பாலும் பொதுமக்களுக்காகவே நடத்தப்படுவது. கேரள மாநில உயர்கல்வி மன்றம் 'எருடைட்' என்ற திட்டத்தின் கீழ் வெளிநாட்டு, வெளிமாநில அறிஞர்களைச் சில நாள்கள் வளாகத்தில் தங்கிப் பேசவும் கற்பிக்கவும் அழைத்து வருகிறது. 1928இல் இராமன் விளைவு கண்டறியப்பட்டதை நினைவுகூரும் பிப்ரவரி 28ஆம் நாளையொட்டி, நாட்டின் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் ஆய்வுக்கூடங்களைப் பள்ளி மாணவர்களுக்குத் திறந்து காட்டுவதும் வழக்கம். குசாட்டின் வளிமண்டல ரேடார் மையத்தில் 2017 முதல் இயங்கும் 205 மெகாஹெர்ட்ஸ் ரேடார், தரையிலிருந்து 20 கிலோமீட்டர் உயரம் வரை காற்றின் போக்கை அளந்து பருவமழையை ஆராய உதவுகிறது. இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழையை நம்பியும் அஞ்சியும் வாழும் கரையோர மக்களுக்கு இதைவிட நெருக்கமான ஆய்வுப் பொருள் வேறு இருக்க முடியாது.

இந்நிகழ்ச்சிகளில் வெளியார் மிகக் குறைவாக அறிந்தது முனைவர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வு. கேரளத்தில் இதை 'ஓப்பன் டிஃபென்ஸ்' என்றே சொல்கிறார்கள். பல ஆண்டுகள் உழைத்து எழுதிய ஆய்வேட்டை வெளித் தேர்வாளர்கள் மதிப்பிட்டு ஏற்ற பிறகு, அதன் முடிவுகளை ஆய்வாளர் அவையோர் முன் விளக்கி, கேள்விகளுக்கு நின்று விடையளிக்க வேண்டும். நாள், நேரம், இடம், ஆய்வாளர் பெயர், ஆய்வேட்டின் தலைப்பு, நெறியாளர் பெயர் ஆகியவற்றைக் கொண்ட ஒரு பக்க அறிவிப்பு முன்கூட்டியே வெளியிடப்படுகிறது. தேர்வு நாளன்று தேர்வாளர் முன்வரிசையில் அமர, ஆய்வாளர் திரையில் வரைபடங்களைக் காட்டி முக்கால் மணி நேரம் அளவில் பேசுகிறார். முதலில் தேர்வாளரும், அடுத்து அவையோரும் கேட்கிறார்கள். பின்வரிசையில் பெற்றோரும் நண்பர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் இத்தேர்வைத் துறை ஆசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் ஆர்வமுள்ள பிற வல்லுநர்களுக்கும் திறந்து வைக்கின்றன. வல்லுநர் என்ற சொல்லைப் பட்டம் பெற்றவரோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. வேம்பநாட்டுக் காயலின் மீன்வளத்தைப் பற்றிய ஓர் ஆய்வேடு அவையில் வைக்கப்படும்போது, சீன வலையை 30 ஆண்டு இழுத்த ஒருவர் கேட்கக்கூடிய கேள்வி, ஆய்வாளர் அதுவரை சந்தித்த கேள்விகளுள் மிகக் கடினமானதாக இருக்கலாம். நேரில் செல்ல இயலாதவர்கள் ஆய்வேடுகளைப் பல்கலைக்கழகத்தின் 'த்யுதி' மின்களஞ்சியத்திலும், நாடு தழுவிய 'சோத்கங்கா' களஞ்சியத்திலும் கட்டணமின்றிப் படிக்கலாம்.

நிர்வாக ஆணைகளும் கவனத்துக்குரியவை. 2023 சனவரியில், மாதவிடாய்க் காலத்தைக் கருத்தில் கொண்டு மாணவியருக்கு ஒவ்வொரு பருவத்திலும் வருகைப்பதிவில் 2 விழுக்காடு சலுகை அளிக்கும் ஆணையைக் குசாட் பிறப்பித்தது. தேர்வெழுதத் தேவையான 75 விழுக்காடு வருகை இதனால் மாணவியருக்கு 73 ஆனது. மாணவர் பேரவையின் கோரிக்கையால் பிறந்த அந்தச் சிறிய ஆணையைச் சில நாள்களிலேயே மாநில அரசு பிற பல்கலைக்கழகங்களுக்கும் விரிவுபடுத்தியது.

வளாகத்தின் மகிழ்ச்சிகளைப் பேசும்போது 2023 நவம்பர் 25ஐக் கடந்துபோக முடியாது. பொறியியல் மாணவர்களின் தொழில்நுட்பத் திருவிழாவான 'திஷ்ணா'வின் நிறைவில் திறந்தவெளி அரங்கில் நடக்கவிருந்த இசைநிகழ்ச்சிக்கு முன், கூட்டம் வாயிலில் நெருக்கியபோது கீழ்நோக்கி இறங்கும் படிகளில் முன்னால் இருந்தவர்கள் விழுந்தார்கள்; மூன்று மாணவர்களும் வெளியிலிருந்து வந்த ஓர் இளைஞரும் உயிரிழந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். வெளியாரை அடியோடு தடுப்பது இதற்கு எளிதான விடையாகத் தோன்றலாம். ஆனால் ஊரோடு உறவில்லாத வளாகம் மேலும் சிறுத்துப் போகும் என்பதால், அகலமான வழிகள், பல வாயில்கள், கூட்டத்தின் அளவை முன்கூட்டியே அறியும் பதிவுமுறை, பயிற்சி பெற்ற தொண்டர்கள் ஆகியவற்றையே முதலில் வலியுறுத்த வேண்டும்.

வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை, வளாக நேர்காணல் என்ற சொல்லே பெற்றோரிடையே பெரிதும் புழங்குகிறது. நிறுவனங்கள் வளாகத்துக்கே வந்து இறுதியாண்டு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் அம்முறை, வேலைவாய்ப்புப் பிரிவில் பதிவு செய்த மாணவர்களுக்கு மட்டுமே உரியது. ஊரின் தொழில்களுக்கும் துறைகளுக்கும் உள்ள உறவு இதில் தெளிவாகத் தெரியும்: கப்பல் தொழில்நுட்பத் துறை உள்ள நகர்ப்பகுதியிலேயே, 2022 செப்டம்பர் 2 அன்று கடற்படையில் இணைந்த விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைக் கட்டிய கொச்சிக் கப்பல் கட்டும் தளம் இருக்கிறது, பாலிமர் அறிவியல் மற்றும் ரப்பர் தொழில்நுட்பத் துறை இருக்கும் களமசேரியிலேயே அப்போலோ டயர் தொழிற்சாலையும் உள்ளது.

வெளியாருக்கும் திறந்திருக்கும் வேலைகளை அறிவிக்கும் ஆவணத்துக்கு அறிவிக்கை என்று பெயர். பொறுமையாகப் படிக்க வேண்டியது அதுதான். நிரந்தர ஆசிரியர் பணிக்கான அறிவிக்கை அரிதாகவே வரும். தகுதித் தேர்வு அல்லது முனைவர் பட்டம், இடஒதுக்கீட்டின்படி எந்த இடம் எந்தப் பிரிவினருக்கு என்பதை முறைப்படுத்தும் இனச்சுழற்சி ஆகியவை அதில் குறிக்கப்படும். அலுவலகப் பணியான பல்கலைக்கழக உதவியாளர் பதவிக்குக் கேரளத்தில் மாநிலத் தேர்வாணையமே தேர்வு நடத்துகிறது. எந்தப் பட்டம் பெற்றவரும், அதன் 'துளசி' இணையவாயிலில் ஒருமுறை பதிவு செய்துகொண்டு விண்ணப்பிக்கலாம். எண்ணிக்கையில் மிகுதியானவை தற்காலிகப் பணிகளே. நடுவண் அரசின் நிதியில் ஒரு பேராசிரியர் நடத்தும் மூன்றாண்டு ஆய்வுத் திட்டத்துக்குத் திட்ட உதவியாளர் தேவைப்பட்டால், குறித்த நாளில் அசல் சான்றிதழ்களோடு நேரில் வருமாறு அழைக்கும் நேரடி நேர்முகத் தேர்வு அறிவிக்கப்படும். நடுவண் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2023இல் திருத்திய விகிதப்படி, தேசியத் தகுதித் தேர்வில் தேறிய முதல்நிலைத் திட்ட உதவியாளருக்கு மாதம் 37,000 ரூபாயும், தேறாதவருக்கு 30,000 ரூபாயும், இவற்றோடு வீட்டு வாடகைப்படியும் உண்டு. இளநிலை ஆய்வு உதவித்தொகையும் அதே ஆண்டு தொடக்கத்திலிருந்து 37,000 ரூபாயாக உயர்ந்தது.

அறிவிக்கையில் வரும் சில சொற்கள் பின்னாளில் ஏமாற்றம் தரக்கூடியவை. 'தொகுப்பூதியம்' என்றால், அடிப்படை ஊதியம், அகவிலைப்படி என்ற பிரிவில்லாத ஒற்றைத் தொகை. ஆண்டு ஊதிய உயர்வை அதில் எதிர்பார்க்க இயலாது. '179 நாள்களுக்கு' என்று இருந்தால், வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாகவோ நேரடியாகவோ செய்யப்படும் அந்த நியமனம் அரையாண்டு நிறைவதற்குள் முடிந்துவிடும். 'திட்டக் காலம் வரை' என்றால், திட்டத்தின் நிதி நின்ற நாளிலேயே வேலையும் நிற்கும். கௌரவ விரிவுரையாளர் நிலை இன்னும் கவலைக்குரியது: மானியக் குழு 2019இல் ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாத உச்சவரம்பு 50,000 ரூபாய் என வழிகாட்டியிருந்தும், தமிழக அரசுக் கல்லூரிகளில் 2023இல் உயர்த்தப்பட்ட பின்னும் கௌரவ விரிவுரையாளர் ஊதியம் 25,000 ரூபாயாகவே இருந்தது. முனைவர் பட்டம் பெற்றவர்கள் நாற்பது வயதிலும் ஒவ்வொரு சூன் மாதமும் நேர்முகத் தேர்வுக்கு வரிசையில் நிற்பது, உயர்கல்வி தன் மக்களுக்கே இழைக்கும் அநீதி.

எனினும், புதிதாகப் பட்டம் பெற்ற இளைஞருக்குத் திட்ட உதவியாளர் பணி பெரிதும் பயனுள்ளது. நீர் மாதிரி எடுக்கவும், நுண்ணோக்கியில் எண்ணவும், தரவுகளைப் பதிவு செய்யவும் கற்றுக்கொண்டு, ஆய்வுக் கட்டுரையில் தம் பெயரும் இடம்பெறப் பெற்றவருக்கு, ஆராய்ச்சி நிறுவனங்களிலோ கடலுணவு ஏற்றுமதிச் சோதனைக்கூடங்களிலோ அடுத்த படி எளிதாகிறது. பட்டம் இல்லாதவர்களுக்கும் ஓட்டுநர், மின்பணியாளர், ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர், விடுதிச் சமையலர் போன்ற பணிகள் ஒப்பந்த அடிப்படையில் அறிவிக்கப்படுவதுண்டு. இவற்றுக்குத் தரகரை நாடவோ, விண்ணப்பக் கட்டணத்தை எந்தத் தனிமனிதரின் கணக்கிலும் செலுத்தவோ தேவையே இல்லை.

இந்த அறிவிப்புகள் ஆங்கிலத்திலேயே மிகுதியாக வெளிவருகின்றன, பல்கலைக்கழக இணையதளத்தை நாள்தோறும் திறந்து பார்ப்பவர்களையே அவை சென்றடைகின்றன. மலையாளம், கொங்கணி, குஜராத்தி, தமிழ் ஆகிய மொழிகள் ஒரே தெருவில் கேட்கும் மட்டாஞ்சேரிக்கும், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாகத் துணி வெளுத்து வாழும் ஃபோர்ட் கொச்சி தோபிக்கானாவுக்கும் அவை எட்ட வேண்டுமானால், வாரத்துக்கு ஒரு தாளில் சொற்பொழிவுகளையும் வாய்மொழித் தேர்வுகளையும் வேலை அறிவிக்கைகளையும் எளிய மலையாளத்திலும் தமிழிலும் சுருக்கி, கேரளத்தின் ஊர்தோறும் உள்ள கிரந்தசாலை என்னும் நூலகங்களுக்கு அனுப்பலாம். மாலையில் செய்தித்தாள் படிக்க வருபவர்களின் கண்ணில் படும் இடம் அது. அதைப் படித்து வளாகத்துக்குச் செல்ல விரும்புவோருக்கு வழியும் உண்டு: மட்டாஞ்சேரியிலிருந்து நீர்வழி மெட்ரோப் படகில் உயர்நீதிமன்றத் துறைக்கும், நகருக்குள்ளிருந்து மெட்ரோ ரயிலில் பல்கலைக்கழகத்தின் பெயரையே தாங்கிய நிலையத்துக்கும் இப்போது போக முடிகிறது.