சுண்ணாம்பைச் சுரண்டலாமா?

கூடத்தில் ஒரு சுவரை மட்டும் செங்கல்லின் சிவப்பு தெரியும்படி வைத்துக்கொள்வதில் இன்று பலருக்கும் ஆசை. புதுச்சேரியில் அந்த ஆசை எளிதில் பிறக்கிறது. பழைய வீடுகளில் காரை பெயர்ந்த இடங்களில் அழகிய செங்கல் எட்டிப் பார்க்கிறது. மீதிக் காரையையும் நாமே கொத்திவிட்டால் என்ன என்று வீட்டுக்காரர் உளியைத் தேடுகிறார். அவசரப்பட வேண்டாம்.

பழைய உறவு

புதுச்சேரிக்கும் செங்கல்லுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. நகருக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, ரோமாபுரியுடன் வாணிகம் நடந்த காலத்துச் செங்கல் கட்டடங்கள் வெளிப்பட்டன. 1761-ல் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கிய நகரம், 1765-க்குப் பின் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் மீண்டும் எழுந்தது. வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சு மாளிகை, மேற்கே திண்ணையும் தாழ்வாரமும் உள்ள தமிழர் வீடு. இரண்டுக்கும் கொத்தனார் சுண்ணாம்புப் பூச்சு கொடுத்தார். அது வெறும் அழகுக்காக அன்று.

சுவரின் சட்டை

கடற்காற்றில் உப்பு உண்டு. ஈரத்தோடு அது செங்கல்லின் நுண்துளைகளில் புகுகிறது. ஈரம் உலரும்போது உப்பு படிகமாகித் துளைகளை நெருக்குகிறது. செங்கல்லின் முகம் பொரிந்து உதிர்கிறது. பூச்சு இருந்தால் அந்தச் சேதத்தை அது தாங்கிக்கொள்ளும். பூச்சு உதிர்ந்தால் மறுபடி பூசலாம். செங்கல் உதிர்ந்தால் சுவரே மெலியும். உளியோ, சூளையில் வெந்து இறுகிய மேல்தோலையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். பிறகு வார்னிஷ் அடித்தால், உள்ளே தங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் கேடு இன்னும் கூடும்.

பழங்கட்டடத்துக்கு மழை எத்தனை பெரிய பகை என்பதைப் புதுச்சேரி கண்ணால் கண்டிருக்கிறது. கடற்கரையில் கம்பீரமாக நின்ற மேரி என்னும் நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பரில் பெய்த மழையில் இடிந்து விழுந்தது. பின்னர் அதே சாயலில் மீண்டும் கட்டப்பட்டது.

செய்யும் முறை

பழைய வீடானால் வெளிச்சுவர், குளியலறையை ஒட்டிய சுவர், அண்டை வீட்டாருக்கும் பொதுவான சுவர் ஆகியவற்றைத் தொட வேண்டாம். நன்கு உலர்ந்த உட்சுவரில், மின்கம்பி ஓடாத இடத்தில், ஓர் அடிச் சதுரம் மட்டும் மெல்லப் பெயர்த்துப் பார்க்கலாம். நகத்தால் கீறினால் செங்கல் பொடியாகிறதா? அத்துடன் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் மூடிவிடுவதே நல்லது.

புது வீட்டில் ஆசை எளிதில் நிறைவேறும். ஆனால் எடையை மறக்கக் கூடாது. பத்தடி நீளம், ஒன்பதடி உயரத்துக்கு அரைக்கல் கனத்தில் தனிச் சுவர் எழுப்ப நானூறு கல்லுக்கு மேல் வேண்டும். சாந்துடன் சுமார் ஒன்றரை டன் ஆகும். அதற்கு அடித்தளம் வேண்டும், கொத்தனாரும் வேண்டும். மாடியில் அது கூடவே கூடாது.

தாமே செய்ய விரும்புவோர்க்கு அரை அங்குலம், முக்கால் அங்குலக் கனமுள்ள செங்கல் வில்லைகள் கிடைக்கின்றன. சிமெண்டுப் பூச்சுள்ள சுவரில் பெயிண்டைச் சுரண்டி, மேற்பரப்பைச் சொரசொரப்பாக்க வேண்டும். ரசமட்டம் பார்த்து நூல் கட்டி, அடிவரிசையிலிருந்து டைல்ஸ் பசையால் ஒட்ட வேண்டும். ஒரு வரிசையின் சந்து, கீழ்வரிசைக் கல்லின் நடுவில் வர வேண்டும். சந்துக்கு முக்கால் விரற்கடை போதும். இரண்டு மூன்று பெட்டிகளிலிருந்து கலந்து எடுத்தால் நிறம் திட்டுத்திட்டாகத் தெரியாது. பசை நன்கு இறுகிய பின் சந்துகளைச் சாந்தால் நிரப்பலாம். கல்லின் முகத்தில் பட்ட சாந்தை உடனே துடைக்காவிட்டால் வெண்கறை நிலைத்துவிடும். வில்லையை வெட்டும்போது மூக்கையும் கண்ணையும் காத்துக்கொள்வது அவசியம்.

தாத்தா காலத்துச் சுவருக்கு அதன் சட்டை இருக்கட்டும். செங்கல்லின் அழகைப் புதுச் சுவரில் கண்டு மகிழலாம்.