விண்கப்பலில் ஒரு குடும்பம்: ரசிகர்கள் எழுதிய காதல் கதைகள்



திருகோணமலையில் சுவாமி மலை உச்சிவரை சென்றவர்கள் 'காதலர் பாய்ச்சல்' என்ற கதையை நிச்சயம் கேட்டிருப்பார்கள். ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் மகளான பிரான்சினா வான் றீட், தன்னைக் கைவிட்டுக் கப்பலேறிய காதலனை எண்ணி அந்த உச்சியிலிருந்து கடலில் குதித்தாள் என்பது கதை. 1687ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்துப் பொறித்த தூணொன்றும் அங்கே உண்டு. ஆனால் ஒல்லாந்தர் ஆவணங்களை ஆராய்ந்தவர்கள், அந்தப் பெண் அதன் பின்னரும் உயிரோடிருந்து மணம் செய்துகொண்டாள் என்று எழுதியிருக்கிறார்கள். ஊர் சொல்லும் கதை மட்டும் மாறவில்லை. தூணும் ஒரு பெயரும் ஓர் ஆண்டும் விட்டுவைத்த இடைவெளியைக் கேட்டவர்கள் தங்கள் மனதுக்கு ஏற்றபடி நிரப்பிக்கொண்டார்கள்.

கேட்டவர்களே கதையைத் தொடர்ந்து சொல்லும் இந்தப் பழக்கம், கடந்த அரை நூற்றாண்டில் மேல்நாடுகளில் ஒரு தனி எழுத்து வகையாக வளர்ந்துள்ளது. அதை ரசிகர் புனைகதை எனலாம். பிறர் படைத்த பாத்திரங்களையும் உலகத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டு, மூல ஆசிரியர் சொல்லாது விட்டதை ரசிகர்கள் எழுதுவது இது. அவற்றுள்ளும் விஞ்ஞானப் புனைகதைப் பாத்திரங்கள் இருவரிடையே மலரும் காதலைச் சொல்லும் கதைகளைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

விஞ்ஞானப் புனைகதை எங்கள் துறைமுகத்துக்குப் புதியதன்று. ஆதர் சி. கிளார்க் 1956இல் மைக் வில்சனுடன் சுவாமி மலையடியில் கடலுக்குள் மூழ்கி, பழைய கோணேசர் ஆலயத்தின் சிதைவுகளைக் கண்டார். மறு ஆண்டு வெளிவந்த நூலொன்றில் அதனை விவரித்தும் இருக்கிறார். அவருடைய நாவல்களில் விண்ணுக்கு ஏறும் கோபுரம் உண்டு. பேசும் கணினி உண்டு. காதலுக்கு மட்டும் இடம் குறைவு. கருவி பெரிதாகவும் மனிதர் சிறிதாகவும் தெரியும் இலக்கியம் என்று இந்த வகை மீது நெடுங்காலமாக ஒரு குறை சொல்லப்பட்டு வருகிறது. ரசிகர் புனைகதை அந்தக் குறைக்கு வாசகர்கள் தாங்களே தேடிக்கொண்ட பரிகாரம் என்பது என் கருத்து.

றோணியோவில் பிறந்த இலக்கியம்

'ஸ்ரார் ட்ரெக்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 1966 செப்டெம்பரில் ஆரம்பமாகி, 79 அங்கங்களுடன் 1969இல் நின்றுபோனது. அதன் கர்த்தா ஜீன் றொடன்பரி. விண்கப்பலின் தலைவர் கேர்க். துணைத் தலைவர் ஸ்பொக். ஸ்பொக்கின் தாய் பூமியைச் சேர்ந்த மனிதப் பெண். தந்தையோ உணர்ச்சியை அடக்கித் தர்க்கத்தையே வாழ்நெறியாகக் கொண்ட வல்கன் என்ற வேற்றுக் கிரக இனத்தவர்.

தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே, 1967இல், 'ஸ்பொக்கனாலியா' என்ற ரசிகர் சஞ்சிகை வெளிவந்தது. ஸ்பொக்காக நடித்த லெனாட் நிமோயின் கடிதமும் அதில் இடம்பெற்றது. அதைத் தொடர்ந்து பல சஞ்சிகைகள் தோன்றின. நம்மூர்ப் பாடசாலைகளில் பரீட்சைத் தாள் அடித்தெடுத்த றோணியோவைப் போன்ற இயந்திரத்தில் பிரதி எடுத்து, தபாலிலும் ரசிகர் மகாநாடுகளிலும் செலவுக் காசுக்கு விற்றார்கள். எழுதியவர்களிற் பெரும்பாலோர் பெண்கள்: ஆசிரியைகள், நூலகர்கள், இல்லத்தரசிகள், மாணவிகள்.

காதல் கதைகள் இத்தனை பெருகியதற்குத் தொடரின் அமைப்பே ஒரு காரணம். வாரந்தோறும் ஒரு கதை முடிய வேண்டும். அடுத்த வாரம் கதாநாயகன் எந்த மாற்றமுமின்றிக் கப்பலில் நிற்க வேண்டும். ஆகவே அவன் காதலித்த பெண் அந்த அங்கத்துக்குள்ளேயே இறந்துவிடுவாள், அல்லது பிரிந்துபோவாள். 1967இல் ஒளிபரப்பான ஓர் அங்கத்தில், கேர்க் உயிராய் நேசித்த ஈடித் கீலர் என்ற பெண் அவன் கண் முன்னாலேயே வாகனத்தில் அடிபட்டுச் சாகிறாள். மறுவாரம் அந்தத் துயரத்தின் சுவடே இல்லை. தொடர் மறந்த துயரத்தை ரசிகைகள் மறக்க மறுத்தார்கள். அந்த மறுப்பிலிருந்தே பல கதைகள் பிறந்தன.

சாரெக்கும் அமண்டாவும்

இவற்றுள் என்னைப் பெரிதும் ஈர்ப்பது ஸ்பொக்கின் பெற்றோரான சாரெக், அமண்டா பற்றிய கதைகள். மூலத் தொடரில் இந்த இருவரும் வந்தது ஒரே ஓர் அங்கத்தில்தான். 1967 நவம்பரில் ஒளிபரப்பான அதனை எழுதியவர் டீ. சீ. ஃபொன்ரானா என்ற பெண் எழுத்தாளர். சாரெக் தூதுவர், அமண்டா ஆசிரியை. இருவரும் பொது இடத்தில் காட்டும் ஒரே நெருக்கம், இரண்டிரண்டு விரல்களை நீட்டி ஒருவர் விரலை ஒருவர் தொடுவது. எதற்காக அம்மாவை மணந்தீர்கள் என்று மகன் கேட்கையில், அப்போது அது தர்க்கத்துக்குப் பொருத்தமாகத் தோன்றியது என்ற வகையில் தந்தை பதில் சொல்கிறார். அவ்வளவுதான்.

இந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது என்று கண்டுகொண்டவர் ஜீன் லொறா என்ற ஆங்கிலப் பேராசிரியை. இந்தத் தம்பதியின் மணவாழ்வை மையமாக வைத்து 'இரட்டை நிலவுகளின் இரவு' என்று பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய கதை 1976இல் ரசிகர் வெளியீடாக வந்தது. பின்னர், 1984இல், அதே தம்பதி இடம்பெறும் அவரது நாவலொன்று உரிமம் பெற்ற பதிப்பகத்தின் வாயிலாகவே வெளியாயிற்று.

இங்கே எழுத்தாளர் எதிர்கொள்ளும் சிக்கலைக் கவனியுங்கள். காதலன் 'உன்னை நேசிக்கிறேன்' என்று சொல்லவே கூடாது; சொன்னால் அவன் சாரெக் அல்லன். மனைவியோ உணர்ச்சியைப் பேச்சிலே காட்டிப் பழகிய இனத்தவள். இருவரிடையே அன்பு இருக்கிறது என்பதை விரலசைவாலும் மௌனத்தாலும் அன்றாடக் காரியங்களாலும் காட்ட வேண்டும். சொல்லாததைக் குறிப்பால் உணர்த்தும் அகப்பாடல்களில் தோய்ந்த நமக்கு இந்தக் கலை புரியாததன்று.

அகமரபோடு இன்னோர் ஒற்றுமையும் உண்டு. 1974இல் டயான் மார்ச்சன்ட் என்ற அவுஸ்திரேலியப் பெண்மணி, கேர்க்கும் ஸ்பொக்கும் ஒருவரையொருவர் காதலிப்பதாகச் சிறுகதையொன்று எழுதினார். இவ்வகையில் அச்சேறிய முதற்கதை இதுவே என்பர். அதில் எந்தப் பாத்திரத்துக்கும் பெயர் இல்லை. அகத்திணையில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டலாகாது என்பது நம் இலக்கண விதி. மார்ச்சன்ட் பெயரைத் தவிர்த்ததோ எச்சரிக்கையினால். ஆண்கள் இருவரின் காதலை வெளிப்படையாக எழுத முடியாத காலம் அது. காரணம் வேறு, பெயரில்லாமலே ஆளை அடையாளம் காணும் வாசகர் கூட்டம் இரண்டுக்கும் பொது.

கண்டனமும் கட்டுப்பாடும்

இது வெறும் பகற்கனவு என்பார் உளர். அந்தக் குற்றச்சாட்டை முதலில் எழுப்பியவர்களே ரசிகர்கள்தாம். 1973இல் போலா ஸ்மித் ஒரு கேலிக்கதை எழுதினார். அதன் நாயகி மேரி சூ பதினைந்தரை வயதுப் பெண், விண்படையின் ஆகக் குறைந்த வயது அதிகாரி, எல்லாம் தெரிந்தவள், எல்லோரும் அவள்மீது மயங்குகிறார்கள். எழுதுபவர் தம்மையே நாயகியாக்கிக்கொள்ளும் பலவீனத்துக்கு இன்றும் 'மேரி சூ' என்றே பெயர். தன் குறையைத் தானே கண்டு பெயரிடும் எழுத்துக் கூட்டத்தைப் பகற்கனவு காண்போர் என்று ஒதுக்கிவிட முடியாது.

உரிமைப் பிரச்சினையும் உண்டு. பாத்திரம் படைத்தவருக்கே சொந்தம் என்று வாதிட்டு, தம் பாத்திரங்களை எவரும் தொடக் கூடாதென்ற எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். உழைத்துப் படைத்தவரின் மனத்தாங்கல் நியாயமானதே. எனினும் விற்று இலாபம் காணாமல், மூல ஆசிரியரின் பெயரை மறைக்காமல் எழுதப்படுவதைத் திருட்டு என்று நான் சொல்லமாட்டேன். ஹென்றி ஜென்கின்ஸ், கமீல் பேகன்-ஸ்மித் ஆகியோர் 1992இல் வெளியிட்ட ஆய்வு நூல்கள், இந்த வாசகர்களைச் செயலற்ற நுகர்வோராக அன்றிப் படைப்பாளிகளாகக் காட்டின. கிளார்க்கின் நாவலுக்கு 1980இல் கிடைத்த ஹியூகோ விருது, 2019இல் ரசிகர்களே நடத்தும் கதைக் களஞ்சியம் ஒன்றுக்கும் வழங்கப்பட்டது.

நாமும் இதைச் செய்யாதவர்களல்லர். அகலிகையை மீண்டும் கல்லாக்கிய புதுமைப்பித்தன் செய்தது என்ன? கல்கி முடித்த 'பொன்னியின் செல்வ'னின் மாந்தரை வைத்து விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யைத் தொடர்ந்தது எதற்காக? இவற்றை இலக்கியம் என்று ஏற்கும் நாம், ஒரு மாணவி கொப்பியின் பின்பக்கத்தில் தனக்குப் பிடித்த கதையைத் தொடர்ந்து எழுதினால் மட்டும் படிப்பைக் கெடுக்கும் காரியம் என்று ஏசுகிறோம்.

நம்மிடம் எழுதப்படாத வீடு

சாரெக்கும் அமண்டாவும் திருகோணமலை வாசகனான என்னைத் தொடுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. 1957இல் பிரித்தானியக் கடற்படை வெளியேறும்வரை இந்தத் துறைமுகத்துக்கு வேலை தேடிப் பல திசைகளிலிருந்தும் மக்கள் வந்தார்கள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பறங்கியரும் அடுத்தடுத்து வாழ்ந்த ஊர் இது. இரண்டு மொழி பேசும் வீடுகளைச் சிறுவயதிலிருந்தே எனக்குத் தெரியும். நம் கதைகளில் அப்படியொரு தம்பதி வந்தால், காதலித்து வீட்டை எதிர்ப்பதோடு கதை முடியும். இல்லையேல் கலவரத்தில் ஒருவர் இறக்க முடியும். கலவரம் பொய்யல்ல; அதை எழுதத்தான் வேண்டும். ஆனால் சாகாமல் முப்பது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவர்கள் பிள்ளையை எந்த மொழியில் தாலாட்டினார்கள், பயந்த இரவுகளில் எவர் வாசலுக்குப் போய்ப் பேசினார், யாருடைய உறவினர் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார்கள் என்பதெல்லாம் நம் எழுத்தில் அருகியே காணப்படுகின்றன.

வேற்றுக் கிரகத்து ஆணும் பூமிப் பெண்ணும் எப்படிக் குடும்பம் நடத்தினார்கள் என்ற கேள்வியை, எங்கோ ஓர் ஆங்கிலப் பேராசிரியை முக்கியமானதாக எடுத்துக்கொண்டார். அதற்கு அவர் கண்ட விடை சிறந்ததா, சாதாரணமா என்பது இரண்டாம் பட்சம். மூலக்கதை ஒரு வரியில் தாண்டிப்போன இடத்தில் நின்று, உள்ளே என்ன நடந்தது என்று கேட்டாரே, அதுதான் வாசிப்பு. ரசிகர் புனைகதையின் பலவீனம், பாத்திரமும் உலகமும் இரவலாக வருவது. அதன் பலம், இரவல் வாங்கியவர் அந்தப் பொருளை உடையவரைவிடக் கூர்ந்து பார்த்திருப்பது.

இளைய நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் விரும்பிப் படித்த கதையில், ஆசிரியர் ஓரிரு வரிகளில் விட்டுச்சென்ற ஒரு தம்பதியைத் தேர்ந்தெடுங்கள். கதை முடிந்த மறுநாள் காலை அவர்கள் வீட்டில் தேநீர் ஊற்றியது யார், முதலில் பேசியது யார் என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். ஆசிரியரின் பெயரை மேலே குறிப்பிட மறக்க வேண்டாம். அந்த ஒரு பக்கம் நன்றாக வந்தால், அடுத்ததாக உங்கள் தெருவில் உள்ள ஒரு வீட்டை எழுதத் துணிவு வரும்.