ஒரு வியாபாரியின் தினசரி

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியாருடன் வர்த்தகம் நடத்தி, பிற்காலத்தில் கவர்னர் துய்ப்ளேயின் தலைமைத் துபாஷியாகவும், அதாவது மொழிபெயர்ப்பாளராகவும், உயர்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் ஆரம்பித்து ஏறக்குறைய கால் நூற்றாண்டுக் காலம், துறைமுகத்துக்கு வந்த கப்பல்களையும், சரக்குகளின் விலையையும், 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்த விருத்தாந்தத்தையும், 1748-இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட துக்கத்தையும், தம் வீட்டுச் சுபாசுபங்களையும் பேசுகிற தமிழிலேயே எழுதி வைத்தார்.

பண்டிதர் நடையில் எழுத அவர் முயன்றிருந்தால் அந்த எழுத்தின் உயிர் போயிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

உத்தியோகத்தில் இருப்பவனுக்கு இப்படித் தினசரி எழுதும் பழக்கத்தால் விளையும் முதல் பிரயோஜனம் ஞாபகம். அதனினும் பெரியது, மனத்தில் புகையாகச் சுழலும் விசாரம் வாக்கியமாக இறங்கும்போது, தனக்கே தெரியாதிருந்த தன் நியாயமும் தன் பிசகும் கண்ணெதிரே வந்து நிற்பது. தற்புகழ்ச்சியும் கொஞ்சம் கலக்கத்தான் செய்யும். பிள்ளையவர்களும் அதற்கு விலக்கல்ல.

அவருடைய குறிப்புகள் 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக அச்சேறி, சரித்திர ஆசிரியர்களுக்கு ஆதாரமாயின. அவர் காலமானது 1761 ஜனவரி 12-ஆம் தேதி. நான்கே நாளில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று.