செல்போன் பொறுக்கித் தரும் பாட்டு: ரசனை வளருமா? சுருங்குமா?

காலை 8 மணி. தாம்பரத்தில் இருந்து கடற்கரைக்கு மின்சார ரெயில் புறப்படுகிறது. ஒரே இருக்கையில் மூன்று பேர். மூன்று பேர் காதிலும் பாட்டு!

ஒருவர் கேட்பது கானா. பக்கத்தில் இருப்பவர் கேட்பது முருகன் பாட்டு. ஜன்னல் ஓரத்து மாணவி கேட்பது இந்திப் பாட்டு. ஒருவர் கேட்பது அடுத்தவருக்குத் தெரியாது.

குரோம்பேட்டை வருவதற்குள் முதல் பாட்டு முடிந்துவிடுகிறது. அடுத்த பாட்டு தானாக வருகிறது. அதைப் பொறுக்கி எடுத்தது யார்? மனிதர் அல்ல, கம்ப்யூட்டர்!

எப்படித் தெரியும்?

வாடிக்கையாக வருகிறவர் என்ன வாங்குவார் என்பது மளிகைக் கடைக்காரருக்கு மனப்பாடம். "புது அப்பளம் வந்திருக்கிறது, தரட்டுமா?" என்று அவரே கேட்பார்.

கம்ப்யூட்டர் செய்வதும் அதுதான். எந்தப் பாட்டை முழுவதும் கேட்டீர்கள், எதைப் பாதியில் தள்ளினீர்கள் என்று குறித்துக் கொள்கிறது. உங்களைப் போலவே பாட்டுக் கேட்கும் மற்றவர்களைத் தேடுகிறது. அவர்கள் கேட்டு, நீங்கள் கேட்காத பாட்டை எடுத்து உங்களுக்குத் தருகிறது.

'ஸ்பாட்டிபை' நிறுவனம் 2015-ம் ஆண்டு ஒரு புதுமை செய்தது. திங்கட்கிழமைதோறும் ஒவ்வொருவருக்கும் 30 பாட்டு கொண்ட தனிப் பட்டியல் கொடுத்தது. அந்த நிறுவனம் 2019-ல் இந்தியாவுக்கும் வந்தது.

அன்று ஒரே ரேடியோ

சென்னையில் 1930-ம் ஆண்டு மாநகராட்சி ஒலிபரப்பைத் தொடங்கியது. 1938-ல் அகில இந்திய ரேடியோ நிலையம் வந்தது. அப்போது வீட்டுக்கு ஒரு ரேடியோ இருந்தாலே அதிசயம். என்ன பாட்டு என்பதை நிலையத்தார் முடிவு செய்தார்கள்.

சினிமாப் பாட்டுக்குக் காத்திருந்த பேரன் காதில் கச்சேரியும் விழுந்தது. கச்சேரிக்குக் காத்திருந்த தாத்தா காதில் கிராமியப் பாட்டும் விழுந்தது. கேட்க நினைக்காததும் கிடைத்தது!

ஆனால் அதிலும் ஒரு சிக்கல் வந்தது. 1952-ல் மத்திய மந்திரியாக வந்த பி.வி.கேஸ்கர், மக்கள் நல்ல சங்கீதம் கேட்க வேண்டும் என்று நினைத்தார். ரேடியோவில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய நின்றுபோனது. மக்கள் என்ன செய்தார்கள்? ரேடியோ முள்ளைத் திருப்பினார்கள். இலங்கை வானொலியைக் கேட்டார்கள்! 1957 அக்டோபர் 3-ந்தேதி விவிதபாரதி தொடங்கிய பிறகு சினிமாப் பாட்டு திரும்பி வந்தது.

ரசனையை யாரும் வலியத் திணிக்க முடியாது என்பது இதில் இருந்து தெரிகிறது.

ஆராய்ச்சி சொல்வது

இன்று திணிப்பவர் இல்லை. பிடித்ததே திரும்பத் திரும்ப வருகிறது. இது நல்லதா?

2014-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சி, நல்லது என்றது. கம்ப்யூட்டரின் சிபாரிசைப் பெற்றவர்கள் முன்பைவிடப் பல வகைப் பாட்டு கேட்டார்களாம்.

2020-ல் கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தாரும் ஸ்பாட்டிபை ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து வேறு ஒன்றைக் கண்டார்கள். கம்ப்யூட்டர் தருவதை மட்டும் கேட்கும்போது வகை குறைகிறது. நாளடைவில் யாருடைய ரசனை விரிந்ததோ, அவர்கள் சிபாரிசைக் குறைத்துக் கொண்டு, தாங்களே தேடிக் கேட்டவர்கள்!

இரண்டும் சேர்ந்து சொல்வது ஒன்றுதான். கம்ப்யூட்டர் கதவைத் திறக்கும். ஆனால் நீங்கள் இருக்கும் தெருவில் உள்ள கதவைத்தான் திறக்கும். அடுத்த தெருவுக்கு நீங்கள்தான் நடக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

நாதஸ்வரத்தை ஒரு முறைகூடக் கேட்காத பிள்ளைக்கு, கம்ப்யூட்டர் அதை எடுத்துக் கொடுப்பது அரிது. பாட்டிக்குத் தெரியும். ஆனால் பாட்டியை யாரும் கேட்பதில்லை.

வாரத்தில் ஒரு நாள் காதுக் கருவியைக் கழற்றி வையுங்கள். வீட்டில் ஆளுக்கு ஒரு பாட்டின் பெயரைச் சொல்லட்டும். அதைத் தேடி, எல்லோரும் கேட்கும்படி போடுங்கள். பிள்ளை சொல்லும் பாட்டைப் பெரியவர்களும் பொறுமையாகக் கேட்கட்டும்.

மறுநாள் ரெயிலில் செல்போன் தரும் பாட்டில் ஒரு மாறுதல் தெரியலாம். கம்ப்யூட்டருக்கும் உங்கள் பாட்டியைத் தெரிந்திருக்கும்!