நைதரசன்: மூன்று பாடப்பகுதிகளை இணைக்கும் மூலகம்

மாணவர்களே, பிணைப்பு, புரதம், பசளை ஆகியவற்றை நீங்கள் வெவ்வேறு அலகுகளில் படிக்கிறீர்கள். கண்டி ஹந்தானையிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்தின் நைதரசன் பதித்தல் ஆய்வில் இம்மூன்றும் ஒன்றாக வருகின்றன. இந்நிறுவனம் 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அமைக்கப்பட்டது.

1. இரசாயனம்
வளியில் கனவளவுப்படி ஏறத்தாழ 78% நைதரசன் ஆகும். அதன் இரு அணுக்களும் வலிமையான மும்மைப் பிணைப்பினால் இணைந்திருப்பதால் தாவரங்களால் அதனை நேரடியாகப் பயன்படுத்த முடியாது. தொழிற்சாலையில் அதனை அமோனியாவாக்க இரும்பு ஊக்கியும், ஏறத்தாழ 450 பாகை செல்சியசு வெப்பநிலையும், உயர் அமுக்கமும் தேவை. இந்த அமோனியாவிலிருந்தே யூரியா தயாரிக்கப்படுகிறது.

2. விவசாயம்
அவரையினத் தாவர வேர்முடிச்சுகளில் வாழும் இறைசோபியம் பற்றீரியா, நைதரசனேசு என்னும் நொதியத்தின் மூலம் அதே வேலையைச் சாதாரண மண் வெப்பநிலையில் செய்கிறது. சிறந்த இறைசோபிய வகைகளைத் தெரிந்து, சோயா விதையுடன் கலக்கும் உயிர்ப்பசளையாக வழங்குவது இந்நிறுவன ஆய்வின் பயன்களில் ஒன்றாகும். இதனால் யூரியாச் செலவு குறைகிறது.

போஞ்சிச் செடியொன்றைப் பிடுங்கி வேர்முடிச்சை வெட்டிப் பாருங்கள். தொழிற்படும் முடிச்சின் உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்கும். காரணம், நம் குருதியின் ஈமோகுளோபினை ஒத்த லெக்ஈமோகுளோபின். அது ஒட்சிசனைப் பிணைத்து, ஒட்சிசனால் பாதிக்கப்படும் நைதரசனேசைக் காக்கிறது.

3. சுகாதாரம்
பதிக்கப்பட்ட நைதரசன் அமினோ அமிலமாகி, புரதமாகி நம் உடலை அடைகிறது. அளவுக்கு மீறிய யூரியாவோ நைத்திரேற்றாக மாறிக் கிணற்று நீரைச் சேரலாம். குடிநீரில் அதன் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் என உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. மிகுதியானால், அந்நீரில் கரைத்த பால்மா அருந்தும் கைக்குழந்தைகளின் ஈமோகுளோபின் ஒட்சிசன் கடத்தும் திறனை இழக்கும், தோல் நீலநிறமாகும்.

கவனிக்க
"இரசாயனப் பசளை தீயது, உயிர்ப்பசளை நல்லது" என விடை எழுதாதீர்கள். 2021 மே மாதம் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோதும் அடுத்த பெரும்போக நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. நெல்லுக்கு இறைசோபிய வேர்முடிச்சு இல்லை என்பதை நினைவிற்கொள்க. எந்தப் பயிருக்கு, எவ்வளவு, எப்போது என்பதே சரியான கேள்வி.

பயிற்சி வினா
சோயா பயிரிட்ட வயலில் அடுத்த போகத்தில் சோளம் பயிரிடுவதன் நன்மை யாது? நைதரசனைக் கொண்டு விளக்குக.